வன்னி மரத்தில் வைத்த வில்

(காஹாங் ஆலய மண்டபத்தில் நடந்த இளைஞர் சமய வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

முதலில் பிள்ளையாரை நினைத்துக்கொள்வோம். அவருக்கும் இன்றைக்கு வேலை இருக்கிறது. எஸ்.பி.எம். எழுதி முடித்தவர்கள் இந்த மண்டபத்தில் பதினைந்து பேருக்கு மேல் இருக்கிறீர்கள். தேர்வு முடிந்தது, முடிவு வரவில்லை. நடுவிலே சில மாதம் சும்மா கிடக்கிறது. என்ன செய்யப் போறீங்க?

போன வாரம் பூசை முடிந்து திருநீறு கொடுக்கும்போது ஓர் அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஐயா, பையன் மினி மார்க்கெட்டுல வேலைக்குப் போறேன்னு நிக்கிறான். அனுப்பலாமா? சொந்தக்காரங்க பார்த்தா, சோத்துக்கு இல்லாம புள்ளைய வேலைக்கு விட்டுட்டாங்கன்னு பேச மாட்டாங்களா?" அவருக்கு அங்கேயே ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வி இல்லை. அதனால்தான் இன்றைக்கு வைத்திருந்த பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பேசுகிறேன்.

அந்த அம்மாவின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நம் தாத்தா பாட்டி காலத்தில் பிள்ளைகள் வேலைக்குப் போனது ஆசைக்கு இல்லை. விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போகும் அப்பா அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய், மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டு, அப்புறம் பள்ளிக்கூடம் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் காட்டிலேயே நின்றுவிட்டார்கள். அப்படி நின்றுபோனவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்குப் பின்வரிசையில் இருக்கிறார்கள். "எம்புள்ள கையில உளி படக் கூடாது" என்று அவர்கள் எடுத்த சபதத்தால்தான் நீங்கள் பரீட்சை எழுதினீர்கள். அதனால் வேலை என்ற சொல்லைக் கேட்டதும் அவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. நியாயம்தான்.

ஆனால் படிப்பைப் பிடுங்கிக்கொள்ளும் வேலை ஒன்று. படிப்புக்கும் படிப்புக்கும் நடுவில் வந்து போகிற வேலை இன்னொன்று. இரண்டும் ஒன்றல்ல. இந்த இரண்டாவது வகைக்கு நம் இதிகாசத்திலேயே ஒரு முழுப் பர்வம் இருக்கிறது.

மகாபாரதத்தில் விராட பர்வம். கதை உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு ஆண்டு வனவாசம் முடிந்தது. பதின்மூன்றாம் ஆண்டு அஞ்ஞாதவாசம், அதாவது யாருக்கும் அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் மறுபடியும் பன்னிரண்டு ஆண்டு காடு. பாண்டவர்கள் என்ன செய்தார்கள்? குகைக்குள் போய் ஒளிந்துகொண்டார்களா? இல்லை. ஐந்து பேரும் பாஞ்சாலியும் மத்ஸ்ய நாட்டுக்கு வந்து, விராட ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள்!

யோசித்துப் பாருங்கள். இந்திரப்பிரஸ்தத்தில் ராஜசூய யாகம் செய்தவர் தருமர். அவர் கங்கன் என்ற பெயரில் ராஜாவுக்குச் சொக்கட்டான் ஆடும் துணையாள். பீமன் சமையற்கட்டில். நகுலன் குதிரை லாயத்தில். சகாதேவன் மாட்டுத் தொழுவத்தில். அர்ச்சுனன் பிருகன்னளையாக அரண்மனைப் பெண்களுக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தான். துருபதன் மகள் பாஞ்சாலி, சைரந்திரி என்ற பெயரில் ராணி சுதேஷ்ணைக்குத் தலை பின்னிவிட்டாள். "எங்க வீட்டுப் பிள்ளை பெட்ரோல் ஸ்டேஷன்ல நிக்கிறதா?" என்று கேட்கும் மாமாவுக்கு இந்தப் பட்டியலைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவரவர் கற்ற வித்தைக்கு ஏற்ற வேலையைத்தான் கேட்டு வாங்கினார்கள். நகுலனுக்குக் குதிரை தெரியும், சகாதேவனுக்கு மாடு தெரியும். அர்ச்சுனன் இந்திரலோகத்தில் சித்திரசேனனிடம் நடனம் கற்றபோது, இது எதுக்கு உதவப் போகுதுன்னு யாராவது கேட்டிருப்பாங்க. கடைசியில் அதுதான் அவனுக்கு ஓர் ஆண்டு சோறு போட்டது. நீங்களும் வேலை தேடும்போது, பக்கத்து வீட்டு நண்பன் எங்கே சேர்ந்தானோ அங்கேயே போய் வரிசையில் நிற்காதீர்கள். உங்களுக்கு எது கொஞ்சம் வருமோ அதன் பக்கம் போங்கள். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை இருந்தால் வொர்க்ஷாப். காடு, ஆறு பிடிக்கும் என்றால், என்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் நம் காஹாங் வழியாகத்தானே கம்போங் பெத்தா போகிறார்கள், அந்தப் பயணத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இயற்கை முறையில் நெல் விளைவிக்கும் இடமும் காஹாங்கில் உண்டு. ஜொகூர் முழுக்கச் செம்பனை மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் அதைப் போய்ப் பார்க்கலாம்.

வேலையில் சேர்வதற்கு முன் பாண்டவர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். பெரியவரிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுடைய புரோகிதர் தௌமியர், பிறர் அரண்மனையில் வேலை பார்க்கிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லி அனுப்புகிறார். ராஜாவின் ஆசனத்தில் உட்காராதே, கேட்காமல் ஆலோசனை சொல்லாதே, உள்ளே நடப்பதை வெளியே பேசாதே, இப்படி. ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய கதை. ஆனால் இன்றைக்கு முதல் நாள் வேலைக்குப் போகிற பையனிடம் சூப்பர்வைசர் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இதுதான். கூடவே போனைப் பையில் வைன்னு சொல்வார். தௌமியர் காலத்தில் அந்தத் தொல்லை இல்லை.

என் முதல் வேலை குளுவாங்கில் ஒரு ஹார்டுவேர் கடையில். முப்பது வருஷத்துக்கு முந்தின கதை. ஆணியை எடை போட்டுக் கட்டுவது, கம்பி வெட்டுவது, லாரி வந்தால் சிமெண்டு மூட்டை இறக்குவது. தவுக்கே அதிகம் பேச மாட்டார். ஒருநாள் அரை இன்ச் திருகாணியையும் முக்கால் இன்ச் திருகாணியையும் கலந்து வைத்த இன்னொரு வேலையாளை அவர் திட்டவில்லை. பெட்டியைத் தரையில் கொட்டி, தானும் உட்கார்ந்து அவரோடு பிரித்தார். அன்றைக்கு நான் பார்த்ததைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குக் காட்டவில்லை. முதல் சம்பளத்தை வாங்கி அம்மா கையில் கொடுத்தபோது, அம்மா அதை எண்ணவில்லை, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அவ்வளவுதான் என் கதை, இதற்கு மேல் நீட்டினால் தூங்கிவிடுவீர்கள்.

இப்போது வெளியுலகில் நடந்த ஒரு விஷயம். அமெரிக்காவில் பள்ளி விடுமுறை கோடைக்காலத்தில் வரும். நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் ஏழை வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அந்த விடுமுறையில் நகர நிர்வாகமே சம்பளத்தோடு வேலை ஏற்பாடு செய்து தருகிறது. 2012-ஆம் ஆண்டு சிகாகோவில் வன்முறை அதிகமாக இருந்த பகுதிகளின் 13 பள்ளிகளிலிருந்து 1,634 பேர் விண்ணப்பித்தார்கள். எல்லாருக்கும் இடம் இல்லை, குலுக்கல் முறையில் எடுத்தார்கள். கிடைத்தவர்களுக்கு எட்டு வாரம் வேலை, குறைந்தபட்சச் சம்பளம், வாரத்துக்கு 25 மணி நேரம். கூடவே ஒவ்வொருவருக்கும் வழிகாட்ட ஒரு பெரியவர். சாரா ஹெல்லர் என்ற ஆய்வாளர், வேலை கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் 16 மாதம் ஒப்பிட்டுப் பார்த்தார். வன்முறைக் குற்றத்துக்காகப் போலீஸ் பிடித்துச் சென்ற எண்ணிக்கை, வேலை கிடைத்தவர்களிடம் 43 விழுக்காடு குறைவு. 2014-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் இது வெளிவந்தது.

அந்தக் குறைவு எப்போது வந்தது தெரியுமா? பெரும்பகுதி வேலை முடிந்த பிறகுதான் வந்தது. அப்படியானால், பையன் வேலையில் மாட்டிக்கொண்டதால் சண்டை போட நேரம் இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. அவனுக்குள்ளே ஏதோ மாறியிருக்கிறது. ஒருவர் கோபமாகப் பேசினால் உடனே கையை ஓங்காமல் நிற்கப் பழகியிருக்கலாம். எனக்குத் தோன்றுவது இது: சம்பளத்தைவிட, பக்கத்தில் நின்ற அந்தப் பெரியவர்தான் வேலை செய்திருப்பார். நம் இளைஞர்கள் சிலர் கும்பல், சண்டை என்று போய்ப் பேப்பரில் படமாக வருவதைப் பார்த்து மேடையில் நிறையப் புலம்பியிருக்கிறோம். புலம்பியதற்குப் பதிலாகத் தலைக்கு ஒரு பையனை நம் கடையில் நிறுத்தியிருந்தால்? இதைத் தம்பிகளுக்குச் சொல்லவில்லை. கடை வைத்திருக்கும், பட்டறை வைத்திருக்கும் கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்குச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. நியூயார்க் திட்டத்தை ஆராய்ந்தவர்கள், அந்த விடுமுறை வேலையால் பிள்ளைகள் சிறைக்குப் போவதும் இளவயதில் சாவதும் குறைந்தது என்று கண்டார்கள். ஆனால் அதனால் கல்லூரிக்குப் போகிறவர்கள் கூடவில்லை, பிற்காலச் சம்பளமும் உயரவில்லை. ஆக, விடுமுறை வேலை உங்களை ஆளாக்கலாம், காப்பாற்றலாம். படிப்பு செய்கிற வேலையை அது செய்யாது.

சரி, விராட நகரத்துக்கு வருவோம். ஊருக்குள் நுழைவதற்கு முன் பாண்டவர்கள் எங்கே நின்றார்கள்? ஊருக்கு வெளியே, சுடுகாட்டுப் பக்கம் ஒரு பெரிய வன்னி மரம். காண்டீவம் உட்பட எல்லா ஆயுதங்களையும் கட்டி அந்த மரத்தில் வைத்தார்கள். விஜயதசமி அன்று கோயில்களில் வன்னி மரத்தடிக்குச் சாமி எழுந்தருளி அம்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரத்துக்கு இப்படியும் ஒரு பெருமை உண்டு.

வில்லை விற்கவில்லை தம்பி. மரத்தில் வைத்தார்கள். சமையற்கட்டில் நன்றாகச் சாப்பாடு கிடைக்கிறது, ராஜாவுக்கும் நம்மைப் பிடித்திருக்கிறது, இப்படியே இருந்துவிடலாம் என்று பீமன் சொல்லவில்லை. எத்தனை நாள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். நாள் முடிந்தது, கௌரவர்கள் விராடனின் மாடுகளைக் கவர வந்தார்கள், நடன வாத்தியாராக இருந்தவன் நேரே வன்னி மரத்துக்குப் போனான். மரத்தில் வில் இருந்தது.

உங்களுடைய வில் எது? மேற்படிப்புக்கான யூ.பி.யூ. விண்ணப்பம், மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், பொலிடெக்னிக், தொழிற்கல்விக் கல்லூரி. அதை எந்த மரத்தில் வைத்திருக்கிறீர்கள்? நான் பார்க்கிற பயமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. மூன்று மாத வேலைக்குப் போன பிள்ளை மூன்று வருஷம் கழித்தும் அதே கவுண்டரில் நிற்கிறான். யாரும் அவனைக் கட்டிப்போடவில்லை. முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் ஒரு மோட்டார் சைக்கிள். முன்பணம் கொஞ்சம், மீதி மாதாமாதம். அப்பா பெயரில் கடன். அந்தக் கடன் சீட்டில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே காண்டீவம் விற்பனைக்குப் போய்விடுகிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. மாதத் தவணை கட்ட வேலையை விட முடியாது. வேலையை விட முடியாததால் படிக்கப் போக முடியாது. அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம் என்பான். அடுத்த வருஷம் வருகிறபோது கூடப் படித்தவர்கள் இரண்டாம் ஆண்டில் இருப்பார்கள். அந்த வெட்கத்திலேயே போக மாட்டான்.

இப்போது ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்காதீங்க. போன வருஷம் எஸ்.பி.எம். முடித்தவர். இயந்திரவியல் படிக்கப் பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "அண்ணே, முதலாளி மாசம் இருநூறு வெள்ளி கூட்டித் தரேன்னு சொல்றாரு. வீட்டுலயும் இப்ப கஷ்டம். தங்கச்சி இருக்கு. என்ன செய்யட்டும்?"

நல்ல முதலாளி, நல்ல பிள்ளை, உண்மையான கஷ்டம். இதில் யாரைத் திட்டுவது? நான் அவரிடம் கர்மயோகம் பேசவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். வீட்டுக்கு மாதம் எவ்வளவு போதாமல் இருக்கிறது, கல்விக் கடனுதவி எவ்வளவு வரும், விடுதிக்கு எவ்வளவு, வார இறுதியில் இதே முதலாளியிடம் எத்தனை மணி நேரம் நிற்கலாம். கணக்கில் மாதம் நூற்றைம்பது வெள்ளி துண்டு விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு அவருடைய அப்பாவையும் முதலாளியையும் ஒரே மேசையில் உட்காரவைத்தோம். விடுமுறை வரும்போதெல்லாம் வேலை தருகிறேன் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். அப்பா மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பதிவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாங்கள் விடவில்லை.

சிலருக்கு வகுப்பறையே ஒத்துவராது, கையால் செய்தால்தான் மண்டையில் ஏறும். அவர்களுக்கும் வழி இருக்கிறது. 2005-லிருந்து நம் நாட்டில் எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறை நடக்கிறது. பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், மீதி பயிற்சி நிலையத்தில். முடித்தால் எஸ்.கே.எம். சான்றிதழ். இதை இரண்டாந்தரம் என்று நினைக்கும் பெற்றோர், ஏர்கான் கெட்டுப்போன அன்று யாரைக் கெஞ்சிக் கூப்பிடுகிறார்கள் என்று யோசிக்கட்டும்.

சட்டம் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயிலில் சட்டம் எதுக்குன்னு கேட்பீங்க. வந்திக் கிழவி கதையிலேயே சட்டம் இருக்கிறது. வைகை பெருகி மதுரையில் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஒருவர் வந்து கரை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் வந்திக்கு ஆள் இல்லை. சிவபெருமானே கூலியாளாக வந்து நின்றார். வேலையைத் தொடுவதற்கு முன்பே கூலியைப் பேசி முடித்தார், கவனித்தீர்களா? முழுப் பிட்டை நீ விற்றுக்கொள், உதிர்ந்த பிட்டு எனக்கு. சர்வலோக நாயகனே கூலி பேசித்தான் கூடையைத் தூக்கினார். அப்புறம்தான் ஆட்டம், பாட்டு, தூக்கம் எல்லாம். "சாமியே வேலை நேரத்துல தூங்கினாரே" என்று ஒரு தம்பி ஒவ்வொரு வருஷமும் கேட்பார். அவருக்கு நான் சொல்வது, சாமி பிரம்படியும் வாங்கினார், அதையும் சேர்த்துக்கோ. அந்த அடி பாண்டியன் முதுகிலும் அவையோர் முதுகிலும் எல்லா உயிர் மேலும் விழுந்தது. கூலிக்காரனை அடித்தால் யாருக்கு வலிக்கும் என்று முதலாளிமார்களுக்கும் அதில் ஒரு சேதி உண்டு.

ஆகவே நீங்களும் கூலியைப் பேசிக்கொண்டு போங்கள். 1966-ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டப்படி 15 வயதிலிருந்து 18 நிறையும் வரை நீங்கள் இளையோர். பொதுவாக, ஒரு நாளைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் உங்களை வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரம் நின்றால் குறைந்தது அரை மணி ஓய்வு. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் கூடாது. இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை, சில விதிவிலக்குகள் தவிர, வேலை கூடாது. ஆபத்தான வேலையிலும் வைக்கக் கூடாது. தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறவர்கள் உண்டு. அதையாவது பார்க்கலாம், மருந்து அடிக்கவோ நீள அரிவாளால் குலை வெட்டவோ யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுக்கு அது அதே ஆண்டு ஆகஸ்டு 1-ல் தொடங்கியது. மணிக் கணக்கில் 8 ரிங்கிட் 72 காசு. நாளுக்கு ஏழு மணி, வாரம் ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 366 ரிங்கிட் சொச்சம். பன்னிரண்டு வாரத்தில் நாலாயிரத்தைத் தாண்டும். இதைத் தெரியாமல் போனால், "ஸ்கூல் பையன்தானே" என்று நாளுக்கு முப்பது வெள்ளி நீட்டுவார்கள். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நீட்டினார்கள். கடையின் பெயர் வேண்டாம். அவளுடைய அப்பா லேபர் ஆபீசுக்குப் போய் விசாரித்து வந்து பேசியபிறகு, அடுத்த வாரமே கணக்குச் சரியானது.

ஈ.பி.எஃப். பிடித்தம் செய்தால் பணம் போச்சே என்று வருத்தப்படாதீர்கள். 5,000 ரிங்கிட்டுக்குக் கீழ் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, முதலாளி தன் கையிலிருந்து 13 விழுக்காடு போட வேண்டும். நம் தோட்டத்துப் பெரியவர்கள் கடைசியில் ஒரு வீடு வாங்கியது எதை வைத்து என்று கேட்டுப் பாருங்கள், பலர் இந்தச் சேமநிதியைத்தான் சொல்வார்கள். சொக்சோவும் அப்படித்தான். வேலையிடத்து விபத்துக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும் வேலைக்கும் போகிற வழியில் நடக்கும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் நம் 50-ஆம் எண் சாலையில் செம்பனை லாரிக்குப் பின்னால் மோட்டாரில் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தங்கைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும், தம்பிகளும் கேளுங்கள். விராடன் அரண்மனையில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். தொல்லை யாருக்கு வந்தது? சைரந்திரிக்கு. ராணியின் தம்பி கீசகன், பெரிய பதவியில் இருப்பவன், அவளைத் தொந்தரவு செய்தான். அவள் ராணியிடம் சொன்னாள். ராணி கேட்கவில்லை, அவன் வீட்டுக்கே அவளை மது வாங்கிவர அனுப்பினாள். அவள் தப்பி ஓடி ராஜசபைக்கு வந்தாள். அங்கேயே அவன் உதைத்தான், ராஜா வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதாகப் பீமனிடம் போய்ச் சொன்னாள். அவள் அடங்கிப்போயிருந்தால் அந்தப் பர்வம் வேறு மாதிரி முடிந்திருக்கும். ஓரிடத்தில் சொல்லிக் கேட்காவிட்டால் இன்னோரிடத்தில் சொல்ல வேண்டும் என்பதை நான் அவளிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். 2023 ஜனவரி 1-லிருந்து, பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டியது முதலாளியின் கடமை. போன முதல் நாளே சுவரைப் பாருங்கள். யாராவது எல்லை மீறினால் அம்மாவிடம், அக்காவிடம், வகுப்பு ஆசிரியை அம்மாக்களிடம் அன்றைக்கே சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். பெற்றோர்களே, மகள் வந்து சொன்னால், "நீ என்ன உடுத்திட்டுப் போனே?" என்று ஆரம்பிக்காதீர்கள். சுதேஷ்ணை செய்த காரியத்தை நம் வீட்டில் செய்யக் கூடாது.

கடைசியாகச் சம்பளப் பணம். பெரியபுராணத்தில் அரிவாட்டாய நாயனார் வரலாறு எனக்கு மிகவும் பிடிக்கும். சோழ நாட்டுக் கணமங்கலத்தில் தாயனார் என்ற பெரிய விவசாயி. தினமும் சிவனுக்குச் செந்நெல் அரிசிச் சோறும் செங்கீரையும் மாவடுவும் படைப்பவர். செல்வம் எல்லாம் போனது. அப்போது என்ன செய்தார்? படையலை நிறுத்தவில்லை, கடன் வாங்கவில்லை. ஊரில் பெரியவராக இருந்த மனிதர் அரிவாளை எடுத்துக்கொண்டு பிறர் வயலில் கூலிக்கு நெல் அறுக்கப் போனார். கூலியாகக் கிடைத்த செந்நெல் சாமிக்கு, கார்நெல் தனக்கு. பிறகு எல்லா வயலிலும் செந்நெல்லே விளைந்தது. அப்படியானால் கூலி முழுதும் சாமிக்கு. வீட்டில் புருஷனும் பெண்சாதியும் கொல்லைக் கீரையைத் தின்றார்கள். அதுவும் தீர்ந்தபோது தண்ணீர் குடித்தார்கள். ஒருநாள் படையலைச் சுமந்து போகும்போது தளர்ந்து விழுந்தார், எல்லாம் நிலவெடிப்பில் சிந்தியது. இன்றைக்குச் சாமி சாப்பிடவில்லையே என்று தன் கழுத்தையே அரியப் போனபோது, வெடிப்புக்குள்ளிருந்து இறைவன் கை வந்து பிடித்தது, மாவடு கடிக்கும் சத்தமும் கேட்டது.

நாயனார் அளவுக்கு உங்களை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. வளர்கிற பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட வேண்டும். நான் பார்ப்பது அவர் கூலியைப் பிரித்த விதத்தை. நெல் கைக்கு வந்த பிறகு யோசிக்கவில்லை, வருவதற்கு முன்பே எது யாருக்கு என்று முடிவு செய்திருந்தார். நீங்களும் முதல் சம்பளம் வருவதற்கு முன்பே, இன்று இரவே, ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுக்கு இவ்வளவு, மேற்படிப்புப் பதிவுக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் இவ்வளவு, உனக்கு ஒரு சட்டை, நண்பர்களோடு ஒரு சாப்பாடு. கோயிலுக்கு என்று கேட்க மாட்டேன். கமிட்டி என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஐந்து வெள்ளி உண்டியலில் போட்டால் போதும், மீதியை உங்கள் படிப்பில் போடுங்கள், அம்மன் கோபிக்க மாட்டாள்.

இனி நாம் செய்யப் போவது. காஹாங்கிலும் குளுவாங்கிலும் கடை, பட்டறை, அலுவலகம் வைத்திருக்கும் ஏழு பேர் ஆளுக்கொரு பிள்ளையை எடுத்துக்கொள்வதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சட்டப்படியான நேரம், சட்டப்படியான சம்பளம், சம்பளச் சீட்டு, சேர்ந்த நாளிலேயே முடிகிற தேதி எழுதிய கடிதம். இந்த நான்குக்கும் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்தேன். இரண்டு பேர் நேரக் கணக்கைக் கேட்டதும் பின்வாங்கினார்கள், அவர்களைக் கெஞ்சவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் இளைஞர் அணியிலிருந்து ஓர் அண்ணனோ அக்காவோ பொறுப்பு. வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு பத்து நிமிஷம், அந்த வாரம் என்ன நடந்தது என்று உட்கார்ந்து பேச வேண்டும். மேற்படிப்பு விண்ணப்பம் போட்டதற்கான அத்தாட்சியின் நகல் ஒன்று அந்த அண்ணனிடம் இருக்க வேண்டும். இன்னும் போடாதவர்களுக்காகக் கோயில் ஆபீசில் இன்றைக்குக் கம்ப்யூட்டர் திறந்து வைத்திருக்கிறோம்.

பெயர் கொடுக்கிறவர்கள் அடையாள அட்டையும் பள்ளிச் சான்றிதழும் கொண்டுவாருங்கள். பதினெட்டு ஆகாதவர்கள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வர வேண்டும். தீபாராதனை ஆனதும் வலப்பக்க மேசையில் இரண்டு அக்காமார் இருப்பார்கள், எட்டரை மணி வரைக்கும் எழுதுவார்கள். போன வாரம் என்னிடம் கேட்ட அம்மாவும் வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பையனைக் கூட்டிக்கொண்டு நேரே மேசைக்கு வந்துடுங்கம்மா, கடைக்காரர் யார் என்று நானே அறிமுகம் செய்துவைக்கிறேன்.